ஐந்து ஆம்பியர்

சாந்தோம், சென்னை-4
10-8-1998

மதிப்பிற்குரிய எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் அவர்களுக்கு,

ஏழு மாதமாக பஹ்ரைனிலிருந்து நீங்கள் எழுதுகிற கடிதமெல்லாம் அத்தை பெயருக்குத்தான் வருகிறது. கடைசி வரியில் "ஐரினிடமும் சொல்லவும்" என்று ஒரு வால். அம்மாவுக்குப் பிள்ளை எழுதுவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானாக எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உங்கள் லேப்டாப் எழுத வைத்துவிட்டது.

பதறாதீர்கள். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர்தான் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஏரியா முழுக்கக் கரண்ட் போனது. திரும்பி வந்த வேகத்தில் டியூப்லைட் ஒரு தரம் பளீரென்றது, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை. பேட்டரியோ நீங்கள் வாங்கும்போதே செத்துப்போன பேட்டரி. அடாப்டர் இல்லாவிட்டால் லேப்டாப் வெறும் பலகைதான். நீங்கள் வேலை பார்க்கிற ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது, சாதாரண லேப்டாப் இல்லை, கேம் ஆடுவதற்கென்றே செய்தது என்று தெரு முழுக்கச் சொன்னீர்களே, அந்த லேப்டாப் இப்போது தலையணை உறைக்குள் தூங்குகிறது.

"கேம் ஆட உனக்கென்ன அவசரம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அக்டோபர் முதல் ஞாயிறு நம் பங்குக் கோவிலில் ஜெபமாலை மாதா திருவிழா. கல்யாணமாகி வந்த நாளாக எனக்குக் கட்லெட் ஸ்டால்தான். "காஸ்பர் சம்சாரம் கட்லெட் நல்லா போடும்" என்று ஒரு பேர். இந்த வருஷம் கமிட்டித் தலைவர் ஆஸ்டின் அங்கிளிடம் வேறு ஸ்டால் கேட்டேன். லேப்டாப் கார் ரேஸில் ஐரினை ஜெயிப்பவருக்கு ஒரு பிஸ்கட் டின். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மா, லைசென்ஸ் கீதா?" என்றார். வீட்டுக்கு அழைத்து வந்து ஆடிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. போன ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் ஸ்டால்களின் பெயரை வாசித்தபோது என் பெயரும் வந்தது. காஸ்பர் சம்சாரம் என்று இல்லை, ஐரின் என்று.

ஜனவரியில் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்ததை நான் மறக்கவில்லை. ரேஸில் உங்கள் நேரத்தை நான் முறியடித்தேன். முதல் இடத்துக்குப் பெயர் போடச் சொல்லி ஸ்கிரீன் கேட்டது. என் கையைத் தள்ளிவிட்டுக் காஸ்பர் என்று நீங்கள் அடித்தீர்கள். ஏன் என்றதற்கு, "லேப்டாப் யாருது?" என்றீர்கள். நான் ஓட்டிய ஓட்டம் அன்றிலிருந்து உங்கள் பெயரில் இருக்கிறது. அதை இந்தத் திருவிழாவில், பங்கு ஜனங்கள் முன்னால் முறியடித்து என் பெயரைப் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

பழைய அடாப்டர் ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். உள்ளே போவது 100-240 வோல்ட். வெளியே வருவது 15 வோல்ட், 4 ஆம்பியர். வேறு வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஐஎஸ்டி பூத்தில் பேசலாம்தான். மீட்டர் ஓட ஓட உங்களோடு சண்டை போட என்னால் முடியாது.

ஐரின்


மனாமா
24-8-1998

ஐரினுக்கு,

கடிதம் கிடைத்தது. லேப்டாப்பை ஸ்டெபிலைசர் வழியாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. போகட்டும்.

அடாப்டர் வாங்குவது கத்திரிக்காய் வாங்குவது போல இல்லை. முதலில் வோல்ட். பதினைந்து என்றால் பதினைந்துதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடுத்தது பின். லேப்டாப்புக்குள் செருகுகிற முனையில் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்று பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் ஒரு சின்ன வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்டு, இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி இருக்கும். நம்முடையதில் புள்ளி பிளஸ். மாறி இருந்தால் செருகின நிமிஷமே போர்டு காலி. செருகினால் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே.

ஆம்பியர் விஷயத்தில்தான் படித்தவர்களே கோட்டை விடுகிறார்கள். நான்கு கிடைத்தால் நான்கு வாங்கு. கிடைக்காவிட்டால் மூன்று வாங்கு, பாதுகாப்பு. ஐந்து என்று எவனாவது கொடுத்தால் கையால் தொடாதே. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாண்டரியில் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டிய இடத்தில் எவனோ பதினைந்து போட்டு வைத்தான். மோட்டார் கருகி, வயர் கருகி, சுவரெல்லாம் கரி. பதினொரு வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், அளவுக்கு மேல் ஆம்பியர் எமன்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது ஒரிஜினல் அடாப்டரே கொண்டு வருகிறேன். ஸ்டாலை அடுத்த வருஷம் வைத்துக்கொண்டால் குடிமுழுகிவிடாது. பங்கு ஜனங்கள் முன்னால் நீ தோற்றால் "காஸ்பர் பெண்டாட்டி தோத்துட்டா" என்றுதான் பேசுவார்கள். எனக்குத்தான் கேவலம்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் கொடு.

காஸ்பர்


சாந்தோம், சென்னை-4
10-9-1998

சூப்பர்வைசர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். அதனால்தான் மானம் போனது.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். சைதாப்பேட்டை ஆபீஸிலிருந்து நேராக ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். ஹபீபுர் ரஹ்மான் என்று ஒரு பாய் கடை. பழைய அடாப்டரைக் கையில் கொடுத்தேன். முதலில் அவர் எடுத்துக் கொடுத்தது அச்சு அசலாக நம்முடையது போலவே இருந்தது, பின் கச்சிதமாகச் செருகியது. ஸ்டிக்கரைப் பார்த்தேன், புள்ளியில் மைனஸ். "பாய், இது மாறி இருக்கு" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "அட, ஆமா மேடம், நல்லாப் பார்த்தீங்க" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு எடுத்து வைத்தார். இரண்டிலும் பதினைந்து வோல்ட், புள்ளியில் பிளஸ். ஒன்று மூன்று ஆம்பியர், இன்னொன்று ஐந்து. நான்கு இல்லை. "எது வோணும் மேடம்?" "எது நல்லது பாய்?" "ரெண்டும் நல்லதுதான். எது எரிஞ்சாலும் எங்கிட்டதான் வருவீங்க" என்று சிரித்தார். உங்கள் எமனை நினைத்துக்கொண்டு மூன்றை வாங்கி வந்தேன்.

வீட்டில் போட்டதும் லேப்டாப் எழுந்தது. எங்கள் ஆபீஸ் வக்கீல் கொடுத்த ஒரு மனுவைக்கூட அதில் டைப் செய்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கமிட்டி முன்னால் ஒத்திகை. ரேஸ் ஆரம்பித்து முதல் வளைவு திரும்பினேன், ஸ்கிரீன் இருண்டது. மறுபடி போட்டேன், மறுபடி அதே வளைவில் இருண்டது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தால் இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. ஆஸ்டின் அங்கிள், "இன்னா மா ஐரின், வண்டி பஞ்சரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் அந்த இடத்தை வளையம் எறிகிற ஸ்டாலுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கமிட்டிச் செயலாளர் ஷில்பா என் காதில் வந்து, "கட்லெட் ஸ்டால் இன்னும் யாருக்கும் குடுக்கல ஆன்ட்டி" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். டைப் அடிக்கும்போது ஏன் அணையவில்லை? கேம் ஆடும்போது ஏன் அணைகிறது? கேம் ஆடும்போது சிடி சுற்றுகிறது, உள்ளே ஃபேன் கத்துகிறது, லேப்டாப் அதிகமாகக் கேட்கிறது. கேட்டதை மூன்றால் கொடுக்க முடியவில்லை. அப்படியானால் ஐந்து என்று எழுதியிருப்பது என்ன? அது தள்ளுகிற அளவா, கேட்டால் கொடுக்கக்கூடிய அளவா?

நம் வீட்டு ஹாலில் ஒரே பிளக் பாயின்டில்தான் நான் இஸ்திரிப் பெட்டியும் போடுகிறேன், அத்தைக்கு நைட் லேம்ப்பும் போடுகிறேன். இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுக்க முடிகிற அதே பாயின்ட் நைட் லேம்ப்பை வெடிக்க வைக்கவில்லை. அது கேட்கிற துளியைத்தான் கொடுக்கிறது. உங்கள் லாண்டரி ஃபியூஸ் கதை சரிதான். ஆனால் ஃபியூஸ் காவல் நிற்கிறது, இது சோறு போடுகிறது. இரண்டு வேலைக்கும் ஒரே சட்டமா? நான் எலக்ட்ரீஷியன் இல்லை, டைப்பிஸ்ட். தப்பாக இருக்கலாம். ஆனாலும் என் புத்திக்கு இதுதான் படுகிறது.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். இந்தச் சனிக்கிழமை போய் ஐந்து ஆம்பியரை வாங்கி வரப் போகிறேன். லேப்டாப் கருகினால் கருகட்டும், என் நகையில் ஒன்றை வைத்து வேறு வாங்கித் தருகிறேன். நான் தோற்றால் உங்களுக்குக் கேவலம் என்று எழுதினீர்கள். ஜெயித்தால் யாருக்குப் பெருமை என்று எழுதவே இல்லையே?

ஐரின்


மனாமா
22-9-1998

ஐரின்,

வேண்டாம். சொல்வதைக் கேள். ஐந்தைப் போடாதே.

நைட் லேம்ப்பையும் லேப்டாப்பையும் ஒன்றாக்கிப் பேசுகிறாய். வீட்டு லைன் வேறு, எலக்ட்ரானிக்ஸ் வேறு. ஏன் வேறு என்று விளக்கமாக எழுதுகிறேன், தொழில் தெரிந்தவன் எழுதுகிறான், நிதானமாகப் படி. அடாப்டர் என்பது

25-9-1998

மேலே பாதியில் நிற்பதைப் பார்த்திருப்பாய். அன்று எழுதிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் ரூமிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். வாராந்திர சோதனை.

அந்த ரூமில் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வதற்கென்று ஒரு பேட்டரி இருக்கிறது. இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொடுக்கும். அதே பேட்டரியில்தான் பேனலில் ஒரு சின்ன சிவப்பு பல்பும் எரிகிறது, சுண்டு விரல் நகம் அளவு. பதினொரு வருஷமாக அந்த பல்பு எரிகிறதா என்று பார்த்துப் பார்த்து நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாளும் வெடித்ததில்லை. வெடிக்கும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிற அச்யுத், "எந்தா சேட்டா, சுகமில்லையா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்து, ஃபியூஸ் காவல் நிற்கிறது, இது சோறு போடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் பாலிடெக்னிக் படித்தவன். "இது யார் சொன்னது?" என்றான். என் மனைவி என்றேன். "எங்கே வேலை?" என்றான். சைதாப்பேட்டை கோர்ட் பக்கம் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

நேற்று ஃபோன் பூத் வரை போனேன். நம் எதிர்வீட்டு ஃபோன் நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் திருவிழாவுக்கு முன்னால் வந்து சேருமா என்று தெரியவில்லை. வந்தால், ஐந்தைத் தாராளமாகப் போடு. வராவிட்டால் எப்படியும் போட்டிருப்பாய்.

அடாப்டரைத் துணி மேல் வைக்காதே, காற்று படுகிற மாதிரி வை. இதாவது சரியாகச் சொல்கிறேன்.

காஸ்பர்


சாந்தோம், சென்னை-4
7-10-1998

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. திருவிழா ஞாயிறோடு முடிந்தது. அதனால் நான் செய்ததெல்லாம் உங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்ததுதான். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

ஐந்தை வாங்கி வந்த அன்று சுவிட்சைப் போடப் போனேன். அத்தை பக்கத்தில் நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்துவிட்டு, "ம், போடு மா" என்றார்கள். போட்டேன். முதல் வளைவு தாண்டியது, இரண்டாவது தாண்டியது. மூன்று சுற்றும் முடிந்த பிறகு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். அத்தை, "எம்புள்ளைக்கு லெட்டர் போட்டு சொல்லு, மருமக ஜெயிச்சிட்டான்னு" என்றார்கள். அதான் எழுதுகிறேன்.

கமிட்டிக்கும் ஆடிக் காட்டி ஸ்டாலைத் தக்கவைத்துக்கொண்டேன். திருவிழா ஞாயிறன்று என் ஸ்டால் முன்னால் கூட்டம் கட்லெட் ஸ்டாலைத் தாண்டிப் போனது. சாயங்காலம் வரை யாராலும் என்னை ஜெயிக்க முடியவில்லை. பிறகு அபிராமபுரத்திலிருந்து சாய்நாத் என்று ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மாணவன் வந்தான். அவன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. அன்று நான் ஓட்டியிருந்த நேரத்தை அரை விநாடி வித்தியாசத்தில் முறியடித்துவிட்டான். மைதானமே கூச்சல். ஆஸ்டின் அங்கிள் மைக்கில், "ஐரின் அவுட்டு!" என்று அறிவித்தார். பிஸ்கட் டின்னை நானே எடுத்துக் கொடுத்தேன். உங்கள் "கேவலம்" என்ற வார்த்தை ஞாபகம் வந்தது.

கடை கட்டுகிற நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்னும் ஒரு தரம் ஓட்டுகிறேன் என்றேன். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் கீயைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து அடித்தது போல, கையை மறந்துவிட்டு ரோட்டை மட்டும் பார்த்தேன். நடுவில் சீரியல் பல்புகள் ஒரு தரம் மங்கி எரிந்தன. ஸ்கிரீன் அசையவில்லை. முடித்தபோது சாய்நாத் நேரத்தையும் தாண்டியிருந்தேன், ஜனவரியில் ஓட்டிய அந்த நேரத்தையும் தாண்டியிருந்தேன். முதல் இடத்துக்குப் பெயர் கேட்டது. சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், யாரும் என் கையைத் தள்ளவில்லை. ஐரின் என்று அடித்தேன்.

சாய்நாத் டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "ஜெயிச்சது ஜெயிச்சதுதான், எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று அனுப்பிவிட்டேன். இன்னொருவர் ஜெயித்ததில் நான் கை வைப்பதில்லை.

இப்போது பட்டியல் இப்படி இருக்கிறது. முதல் இடம் ஐரின். இரண்டாவது காஸ்பர், அதுவும் நான் ஓட்டியதுதான். மூன்றாவது சாய்நாத். நீங்கள் நிஜமாகவே ஓட்டிய நேரம் ஏழாவதில் இருக்கிறது. ஆறாவது யார் தெரியுமா? நம் தெரு முனையில் இஸ்திரி போடுகிற சண்முகவேல்.

ஷில்பா எடுத்த ஃபோட்டோ ஒன்று இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். என் முன்னால் பலகை மேல் இருக்கிற கறுப்புப் பெட்டிதான் அந்த அடாப்டர். காற்று படுகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன், பாருங்கள். நீங்கள் சொல்லாமலே.

ஜெனரேட்டர் ரூம் சிவப்பு பல்பு பற்றி எழுதியதை மூன்று தரம் படித்தேன். அதை மறைத்துவிட்டு வேறு எதையாவது எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதவில்லை. அதற்காகத்தான் மேலே அன்புள்ள என்று போட்டிருக்கிறேன்.

ஐரின்


மனாமா
20-10-1998

என் அன்பு ஐரின்,

கவரைப் பிரிக்கும் முன் மேல்பக்கம் பார்த்திருப்பாய். இந்தத் தடவை உன் பெயரில்தான் வருகிறது.

ஃபோட்டோவைப் பணிமனைப் பலகையில், டியூட்டி சார்ட்டுக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன். அச்யுத் அதைக் காட்டி ஹோட்டல் முழுக்கக் கதை சொல்லிவிட்டான். சொல்லும்போதெல்லாம் நான் கேட்காத மாதிரி இருப்பேன், ஆனால் நகர மாட்டேன். போன வாரம் கிச்சனிலிருந்து ஒரு பையன் எடை மெஷினுக்கு மாற்று அடாப்டர் கேட்டு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அச்யுத், "அதை ஐரினோட ஆளிடம் கேள்" என்றான். இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் காது கூசியது. மறுநாள் திரும்பிப் பார்த்தேன். இப்போது யாராவது காஸ்பர் என்று கூப்பிட்டால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுத வரவில்லை ஐரின், நேரில் பார்த்துக்கொள்.

ஏழாவது இடம் மட்டும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவில் சண்முகவேலை ஒரு கை பார்க்கிறேன். உன்னோடு போட்டி போடுவது அப்புறம், நிதானமாக. அந்தப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பெயரை அழித்துவிட்டு உன்னுடையதைப் போட்டுவிடு. ஜனவரியிலேயே போட்டிருக்க வேண்டியது.

ஒரிஜினல் அடாப்டர் நான் வாங்கவில்லை. கடை வரை போய்த் திரும்பிவிட்டேன். வீட்டில் இருப்பதே சரியானது. அதற்குப் பதில் புது பேட்டரி ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், இனிக் கரண்ட் போனாலும் உன் ஓட்டம் நிற்காது.

மழைக்காலம் ஆரம்பித்திருக்கும், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே. நான் நலம். அம்மாவிடமும் சொல்லவும்.

ஐரினின் கணவன்,
காஸ்பர்